கூட்டாளிப் பள்ளியும் என் டி.சி. பயமும்

பதினேழு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாக இருப்பது, தினமும் காலையில் தலைகளை எண்ணி முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை. ஒரு தலை குறைந்தால் காய்ச்சலா, வேறு பள்ளிக்குப் போக டி.சி.யா என்று விசாரிக்க ஓடுவேன். வலங்கைமான் பக்கத்தில் இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளி எங்களுடையது. இன்னும் நாலு பேர் போனால் பூட்டிவிடுவார்கள் என்று பேச்சு. என்னைப் போல மாட்டிக்கொண்ட ஆசிரியர்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

சம்மதம்

வாய்க்காலுக்கு அக்கரையில் ஒரு நடுநிலைப் பள்ளி. அங்கே மைக்ராஸ்கோப் உண்டு, அறிவியலுக்குத் தனி ஆசிரியர் உண்டு. எங்களிடம் இருப்பது சுமதி டீச்சர். எழுத்துக் கூட்டவே திணறும் பிள்ளையைக்கூடக் கதைப் புத்தகம் படிக்க வைத்துவிடுவார். அக்கரைத் தலைமையாசிரியர் கோபால் சார் ஒரு யோசனை சொன்னார். புதன்கிழமை தோறும் எங்கள் நாலு, அஞ்சாம் வகுப்புகள் அங்கே போய் அறிவியல் படிக்க வேண்டியது. கூட வரும் சுமதி டீச்சர் அவர்களுடைய இரண்டாம் வகுப்புக்கு வாசிப்பு சொல்லித்தர வேண்டியது.

பிள்ளைகளுக்கு நல்லதுதான், சரி என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுமதி டீச்சர் கேட்டார்: “ஏன் டீச்சர், பொண்ணைக் கட்டிக்கொடுக்குற மாதிரி நிக்கிறீங்க?”

முதல் புதன்

ஒன்பது பேர் போனார்கள். மூன்று மணியிலிருந்தே வாசலில் நின்றேன். ஒன்பது பேரும் திரும்பி வந்தார்கள். வெங்காயத் தோலில் கட்டம் கட்டமாகத் தெரிந்ததாம். ஆளாளுக்குச் சொல்லி மாளவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நான், அங்கே சாப்பாடு எப்படி, வகுப்பு எப்படி என்று துருவிக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்பு தர்ஷினி யோசித்துச் சொன்னாள்: “முட்டை இங்க மாதிரிதான் டீச்சர். ஆனா அங்க ஃபேன் சுத்துது.”

நடவு வயல்

தர்ஷினியின் அம்மா செல்வி நடவு வேலைக்குப் போகிறவர். ரோட்டில் என்னைக் கண்டதும் சேற்றுக் கையோடு வரப்பேறி வந்தார். “ஒரு நாளைக்கே இவ்வளவு கத்துக்கிட்டு வர்றா. அஞ்சு நாளும் அங்கயே விட்டா என்னங்க டீச்சர்?”

மணியாகிவிட்டது என்று நடையைக் கட்டினேன். மறுநாள், புதன்கிழமையை நிறுத்திவிடலாம் என்று கோபால் சாரிடம் சொல்லப் போனை எடுத்தேன். பெரிய பள்ளி, அவருக்கென்ன கவலை என்று ஆத்திரமாகக்கூட வந்தது. அந்த நேரம் பார்த்து தர்ஷினி ஓடி வந்து நின்றாள்: “டீச்சர், அடுத்த புதனுக்குப் பூ கொண்டாரச் சொன்னாங்க. செம்பருத்தி போதுமா?” போனை வைத்துவிட்டேன்.

மடித்த காகிதம்

ஜூனில் பள்ளி திறந்தது; அஞ்சாம் வகுப்பு முடித்துப் போனவர்களுக்கு ஈடாக ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் சேர்ந்து, எண்ணிக்கை அதே பதினேழு. அன்று செல்வி வந்தார். கூடவே இன்னொரு பெண். கையில் மடித்த காகிதம். டி.சி. கேட்டு எழுதிய மனுதான் என்று முடிவு கட்டி, நாற்காலியிலேயே ஒடுங்கிவிட்டேன். பிரித்தால், அது அக்கரைப் பள்ளி கொடுத்த டி.சி. செல்வி சொன்னார்: “இவ என் தங்கச்சிங்க. அங்க ரெண்டாவது படிச்ச இவ மகளுக்குச் சுமதி டீச்சர் வாரம் ஒரு நாள் பத்தலையாம்.”

பதினெட்டு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. கோபால் சார். குரலே சரியில்லை. “டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இந்தப் புதன்கிழமைய நிறுத்திக்கலாமா?”

நிறுத்தவில்லை, இப்போது புதன்கிழமை தோறும் வாய்க்காலின் இரண்டு கரையிலும் ஆளுக்கொரு தலைமையாசிரியர் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.