நான்காவது சலவை

என் தங்கை குளியலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் முழங்கை வரை கைகளை விட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள். தொட்டியில் இருந்தது அவளுடைய ஸ்லீப்பிங் பேக். மலையில் இரவு தங்குகிறவர்கள் உள்ளே புகுந்து ஜிப்பை இழுத்துவிட்டுப் படுக்கிற பை அது. உள்ளே வாத்தின் தூவி அடைத்திருக்கும். காய்ந்திருக்கும்போது உப்பிக்கொண்டு, கையில் எடுத்தால் எடையே தெரியாது. நனைந்துவிட்டால் இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். அதை அவள் போர்வையைப் பிழிகிற மாதிரி முறுக்கினாள்.

"முறுக்காதடி. உள்ள இருக்கிற தடுப்புத் துணி கிழிஞ்சா தூவியெல்லாம் ஒரு மூலைக்குப் போயிடும்" என்றேன்.

"போகட்டும். வாடை போனா சரி" என்றாள்.

அந்த ஆண்டில் அது நான்காவது சலவை. இன்னும் ஒரு நாள் விட்டு அடுத்த விடியற்காலையில் அவளுடைய நடைக் குழு புறப்படுகிறது. வழக்கமான இரண்டு நாள் நடை இல்லை. மலை முகட்டின் மேலேயே ஒரு வாரத்துக்கு மேல் நடந்து, மறுபக்கம் இறங்குகிற நீண்ட நடை. வருடம் முழுவதும் அதையே பேசிக்கொண்டிருந்தாள். குழுவை நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். அவர் முந்தின நாள் போன் செய்து, கூடாரத்தில் பக்கத்தில் படுக்கிற பெண்மணி இவளுடைய பையின் வாடை தாங்கவில்லை என்று சொல்கிறார், அதைச் சரிசெய்தால் வரலாம், இல்லையென்றால் இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாய் நாற்றத்தைப் பக்குவமாகச் சொல்லிப் பழகிய மனிதர்தான். அப்படியும் இவளுக்குச் சுருக்கென்று குத்தியது. அன்று முழுவதும் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

நடப்பது அவளுக்குப் புதிதில்லை. வீட்டில் அவளுக்குச் சக்கரம் என்று பெயர். மின்சார மீட்டர் பார்த்துக் கணக்கெடுக்கிற வேலையில் இருந்தாள். மாடி மாடியாக ஏறி, நாய்க்குப் பயந்த மாதிரி நடிக்காமல் நாயைப் பயமுறுத்தி, முப்பது வருடம் ஓட்டினாள். நடுவில் மேஜை வேலைக்கு உயர்த்தினார்கள். உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றும் என்று சொல்லிப் பழைய வேலைக்கே திரும்பிவிட்டாள். அவளைக் கட்டியவர் தையல்காரர். அவர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழ மாட்டார், இவள் நின்ற இடத்தில் நிற்க மாட்டாள். சாப்பிடுகிற நேரத்தில் பார்த்துக்கொள்வார்கள். சண்டை போட நேரம் கிடைக்காததால் நல்லபடியாகவே குடும்பம் நடந்தது. அவர் போனபின் என் வீட்டு மாடியறைக்கு வந்தாள். எனக்குத் துணையாக இருக்கப் போவதாகச் சொன்னாள். வாரத்தில் பாதி நாள் ஆளைக் காண முடியாது.

நான் முதியோர் இல்லத்திலும் வீடுகளிலும் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவள். முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு செய்தேன். இப்போதும் காலையில் பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு உடம்பு துடைத்து, தைலம் தேய்த்து, படுக்கை மாற்றிவிட்டு வருகிறேன். அதனால் எங்கள் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் மூக்கைச் சுளிப்பார்கள். என் கை, என் துணி, கதவுப்பிடி எல்லாவற்றிலும் அந்த வாடை உண்டு. எங்கள் இரண்டு பேருக்கும் அது உறைப்பதே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பை என்ன வாடை அடிக்கிறது என்று என் தங்கை என்னிடம்தான் கேட்டாள். நான் நன்றாக மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்று சொன்னேன்.

அவள் அழுக்கானவள் இல்லை. மலையில் எத்தனை குளிர் அடித்தாலும் படுக்கும் முன் காலைத் துடைத்துக்கொள்வாள். படுக்கைக்கென்று ஒரு உலர்ந்த சட்டையும் காலுறையும் தனியாக உண்டு, அதைப் போட்டுக்கொண்டு ஒரு அடி நடக்க மாட்டாள். மூச்சுக்காற்றின் ஈரம் உள்ளே இறங்கக் கூடாது என்று மூக்கை வெளியே வைத்துத்தான் படுப்பாள். காலையில் பையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, வெயில் பட்டபின்தான் சுருட்டுவாள். மதியம் எல்லாரும் சாப்பிட உட்காரும்போது இவள் மட்டும் பையை ஒரு புதர்மேல் விரித்துவிட்டுச் சுற்றி வருவாள். வீட்டில் அதை இறுக்கிக் கட்டி வைக்கவே மாட்டாள், அலமாரியில் தளர்வாகத் தொங்கும். இத்தனை செய்கிறவளுடைய பை ஏன் நாறுகிறது? அவளுக்கே புரியவில்லை. வியர்வைதான் என்று முடிவு கட்டிக்கொண்டு காரமான சோப்பில் மூன்று முறை துவைத்தாள். மூன்றாவது முறை வாசனைத் திரவமும் ஊற்றினாள். தூவியின் எண்ணெய்ப் பசை போய், பை சப்பையாகிவிட்டது. வாடை மட்டும் போகவில்லை. கடைசியாகப் போன நடையில் பேங்க்காரம்மா, அதாவது கூடப் படுக்கிறவர், முதல் இரவு கூடாரத்துக்கு வெளியே தலையை நீட்டிப் படுத்தார். அடுத்த இரவு மூட்டைகள் அடுக்கி வைக்கிற கூடாரத்துக்கே போய்விட்டார்.

நான் தங்கையை எழுப்பிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். துணியைத் துவைக்கும் முன் படிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் கறை, எந்த இடத்தில் ஈரம், எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் படுத்திருப்பவருக்கு எங்கே வலி என்று தெரிந்துவிடும். வாயால் சொல்ல முடியாதவர்களிடம் அப்படித்தான் தெரிந்துகொள்வோம். இந்தப் பையை இதுவரை நான் படிக்கவில்லை, அவளேதான் துவைத்தாள்.

தலைப்பக்கம் சுத்தம். கால்பக்கம் சுத்தம். நடுவில், வலது பக்கம், ஒரு கை அகலத்துக்கு மட்டும் துணி தண்ணீரை வாங்காமல் நின்றது. மற்ற இடமெல்லாம் ஊறிக் கறுத்திருக்க, அங்கே மட்டும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. விரலால் தேய்த்தேன். பிசுபிசுப்பு. உள்ளே தூவி கட்டி கட்டியாகத் திரண்டிருந்தது.

"வலது முட்டியா?" என்று கேட்டேன்.

"என்னது?"

"எந்தத் தைலம் தடவுற? என்னோடதையா?"

குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். சத்தத்தில் கேள்வி காணாமல் போய்விடும் என்று நினைத்தாள் போலும். நான் குழாயை மூடினேன்.

"ஏறும்போது ஒண்ணும் இல்லக்கா" என்றாள். "இறங்கும்போதுதான்."

"ஏறினவ இறங்கித்தானே ஆகணும்?"

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒரு வருடமாகவே வலி. இறக்கத்தில் பக்கவாட்டில் திரும்பிக் கால் வைப்பது, கடைசி ஆளாக வருவது, ஷூ கடிக்கிறது என்று சொல்வது. இரவில் குடைச்சல் எடுக்கும். பேங்க்காரம்மா திரும்பிப் படுத்ததும், பைக்குள்ளேயே கையை விட்டு, வெளிச்சம் போடாமல் தைலத்தைத் தேய்த்துக்கொள்வாள். தைலம் துணியில் ஊறி உள்ளே இறங்கித் தூவி கட்டிப்போகும். அந்த இடத்தில் குளிர் நேராக முட்டியில் ஏறும். வலி கூடும். இன்னும் கொஞ்சம் தைலம். ஒளித்துச் செய்த வேலை கூடாரம் முழுக்க மணந்தது. ஒளித்தவளுக்கு மட்டும் தெரியவில்லை.

டாக்டரிடம் சொல்லவேண்டியதுதானே என்றேன். அவள் சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. போன வருடம் குழுவில் ஒருவர் குதிகால் வலிக்கிறது என்று உண்மையைச் சொன்னாராம். டாக்டர் அவரை அன்பாக ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்.

"இப்ப அவருக்கு என்ன வேலை தெரியுமா? நாங்க கிளம்புறப்ப வந்து ஆளுக்கொரு வாழைப்பழம் குடுத்துக் கையசைக்கிறார். நான் அங்க நிக்க மாட்டேன்க்கா. அதுக்கு நீ பார்த்துக்கிற ஆளுக்குப் பக்கத்துல எனக்கும் ஒரு கட்டில் போட்டுடு."

பேசிக்கொண்டே இருந்தால் பை துவைபடாது. பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தண்ணீரில் கரைத்து, கறை படிந்த இடத்தில் மட்டும் வைத்து, விரல் நுனியால் தட்டித் தட்டி எடுத்தேன். எண்ணெய்க்கு அதுதான் கேட்கும். நுரை போகும்வரை அலசி, முறுக்காமல் கையால் அமுக்கித் தண்ணீரை இறக்கி, இரண்டு பேருமாக ஒரு பழைய படுக்கை விரிப்பில் ஏந்திக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். கொடியில் தொங்கவிடாமல் கட்டில் சட்டத்தின் மேல் பரப்பினோம். வானம் மூட்டமாக இருந்தது. அவள் மேலே பார்ப்பதும், பையைத் தொட்டுப் பார்ப்பதும், மாடியைச் சுற்றி வருவதுமாக இருந்தாள். இறங்கும்போது நான் பின்னால் நின்று பார்த்தேன். கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்து, நண்டு மாதிரி இறங்கினாள். பார்க்கிறேன் என்று தெரிந்ததும் நேராக இறங்க முயன்று முகம் வெளுத்தாள்.

கூடாரத்தைப் பிரித்து ஆளுக்குப் பாதியாகச் சுமப்பது அவர்கள் வழக்கம். சாயங்காலம் பேங்க்காரம்மா தன் பாதியை வாங்கிப் போக வந்தார். சங்கடத்தோடு வாசலிலேயே நின்றார். என் தங்கை அவரை மாடிக்கே அழைத்துப் போய், மோந்து பாருங்கள் என்றாள். அவர் குனிந்து பார்த்தார். ஈரம்தான் அடிக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகச் சொன்னார். டாக்டரிடம் தானே பேசிவிடுவதாகவும், மனதில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டது கிடைத்துவிட்டது. என் தங்கை சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அடுப்பில் பால் பொங்குவதைக்கூடப் பார்க்காமல் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

"நீ போய்ச் சொல்லிடுவியா?"

"நான் சொல்ல மாட்டேன். நோயாளி சமாசாரத்தை வாசல்ல வச்சுப் பேசுறது எங்க வேலையில கிடையாது."

"நான் ஒண்ணும் நோயாளி இல்ல."

"சரி, இல்ல. முதல் ராத்திரி குடைச்சல் எடுத்தா என்ன பண்ணுவ?"

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தைலம் இல்லாமல் அவளால் தூங்க முடியாது. பைக்குள் தேய்த்தால் மூன்றாம் இரவே பழைய கதைதான், அதுவும் திரும்பிவர வழியில்லாத இடத்தில். பை சுத்தமாக இருக்க வேண்டுமென்றால், படுப்பதற்கு முன் வெளியே உட்கார்ந்து, காலை நீட்டித் தேய்த்து, அரைமணி ஊறவிட்டு, சோப்புப் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஒரு மெல்லிய துணி உறையும் வேண்டும், அதை நான் தைத்துத் தருகிறேன். ஆனால் வெளியே உட்கார்ந்து தேய்த்தால் பத்துப் பேர் பார்ப்பார்கள்.

"பார்த்தா டாக்டர் கேட்பார்" என்றாள்.

"கேட்பார்."

"நீ எப்பவும் இப்படித்தான். ஒரு பக்கம் கதவைத் திறந்து விட்டுட்டு இன்னொரு பக்கம் சுவர் எழுப்புவ" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். தலைக்கு மேல் வெகுநேரம் காலடி கேட்டது.

மறுநாள் காலை நான் எழுந்தபோது பையும் அவளும் வீட்டில் இல்லை. காய்ந்தும் காயாத பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் பேங்க்காரம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே பேண்ட்டைச் சுருட்டி முட்டியைக் காட்டியிருக்கிறாள். அந்த அம்மா வீக்கத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? எங்க மாமியார் கடைசியில படுக்கையில கிடந்தப்ப அப்படித்தான் மணந்தாங்க. உங்களுக்கும் உள்ளுக்குள்ள ஏதோ பெரிய நோயோன்னு நினைச்சுத்தான் நான் ஓடினேன்" என்றாராம். இரண்டு பேருமாக டாக்டர் கிளினிக்குக்குப் போனார்கள். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்க, என் தங்கை வாதாடினாள். முகட்டின் பாதியில் ஒரு வண்டிப்பாதை குறுக்கே போகிறது. அதுவரை வரலாம், ஏற்றம்தான். அங்கிருந்து சாமான் கொண்டுவரும் ஜீப்பில் இறங்கிவிட வேண்டும் என்றார் டாக்டர். இன்னும் ஒரே ஒரு முகாம் என்று இவள் கேட்டாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. திறந்த வாய்க்காரரும் கையசைத்து டாக்டர் பக்கம் சேர்ந்துகொண்டாராம்.

வீட்டுக்கு வந்து என்னோடு பேசவில்லை. பாதி நடை என்பது அவளுக்குப் பாதி அவமானம். பையைச் சலவைக்கடைக்கு எடுத்துப்போய், காயவைக்கும் மெஷினில் மிதமான சூட்டில் போட்டு, கூடவே இரண்டு டென்னிஸ் பந்துகளையும் போட்டு, கட்டிகள் உடையும்வரை அதைச் சுற்றி நடந்திருக்கிறாள். அதற்குள் நான் விரிப்பை வெட்டி உறை தைத்து முடித்தேன். வந்ததும் அதை வாங்கிப் பார்த்தாள், தையல் கோணல் என்றாள். பிறகு வாசல் படியில் உட்கார்ந்து, தெருவில் பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் போகையில், முட்டிக்கு மேல் பேண்ட்டைச் சுருட்டித் தைலம் தேய்த்தாள். ஊறவிட்டாள். என்னைக் கூப்பிட்டு வெந்நீரும் சோப்பும் கேட்டாள். கழுவித் துடைத்துவிட்டு, மூட்டை கட்ட மாடிக்குப் போனாள்.