ஏழாம் நம்பரைத் தூக்கிய மத்தியானம்

ஸ்கேன் அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பதினாறு வருடமாக ஒரே ஸ்கேன் சென்டரில், குளிர் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள். உள்ளே வருபவரிடமிருந்து மோதிரம், சாவி, பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வாங்கி வைப்பாள். காதுக்கு மூடி மாட்டி, கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து, "பயமா இருந்தா இதை அமுக்குங்க, ஓடி வந்துடுவேன்" என்பாள். நல்லவள்தான், இல்லையென்று யார் சொன்னது? நல்லவர்களே இப்படிச் செய்கிறார்களே என்றுதான் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. திரையில் என்ன தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. சொல்ல வேண்டியவர் டாக்டர். முகத்தில்கூடக் காட்டக் கூடாது. இதில் ஸ்கேன் அக்கா படு கெட்டிக்காரி. எவ்வளவு பெரிய கட்டியைப் பார்த்தாலும் "முடிஞ்சிடுச்சு, மெதுவா எழுந்திருங்க" என்று அதே குரலில் சொல்லுவாள்.

இனி அந்தப் பாழாய்ப்போன லீக். போன் கவர் விற்கிற கடை வைத்திருக்கும் அவள் தம்பி ஆரம்பித்து வைத்தது. போனில் ஒரு ஆப். ஊர் கால்பந்துப் போட்டியில் நிஜமாக ஆடுகிறவர்களில் பதினோரு பேரைப் பொறுக்கி, இது என் அணி என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் மைதானத்தில் கோல் போட்டால் நமக்குப் பாயிண்ட். நாம் கேப்டன் என்று குறித்தவர் போட்டால் இரட்டிப்பு. சொந்தக்காரர், தெரிந்தவர் என்று பதினான்கு பேர். காசு பணம் கிடையாது. கடைசியில் வருகிறவர் மற்றவர்கள் தேர்ந்தெடுக்கிற அசிங்கமான போட்டோவை ஒரு மாதம் தன் படமாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வெட்டி விளையாட்டில் ஸ்கேன் அக்கா மூன்று சீசனாக முதலிடம். வீட்டில் உப்பு தீர்ந்தது தெரியாது, எந்த ஆட்டக்காரர் எந்தக் காலால் நன்றாக உதைப்பார் என்பது அத்துப்படி!

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய கேப்டனே எதிரில் வந்து நின்றான். சிவப்பு அணியின் ஏழாம் நம்பர். இருபத்திரண்டு வயது. அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டு வந்தான். பயிற்சியில் முழங்கால் திருகிக்கொண்டதாம்.

"அக்கா, நான் இங்க வந்தது வெளியில தெரியாதுல்ல?"

"இங்க நடக்கிறது இங்கயே இருக்கும்பா. நீ கால மட்டும் அசைக்காம படு."

இருபத்தைந்து நிமிடம் மெஷின் தடதடத்தது. முழங்காலின் நடுவே கறுப்பாக, நேராகத் தெரிய வேண்டிய தசைநார் அறுந்து, நார்நாராகக் கிடந்தது. குறைந்தது எட்டு மாதத்துக்குப் பந்தைத் தொட முடியாது. அவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"முடிஞ்சிடுச்சு, மெதுவா எழுந்திரு. சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்டர் சொல்லுவார்" என்றாள்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கேப்டன் இடத்தில் ஏழாம் நம்பர் சிரித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை ஆட்டம். ஆடவே போகாதவனைக் கேப்டனாக வைத்திருந்தால் இரட்டிப்புப் பாயிண்ட் அம்பேல். யாரிடமும் வாய் திறக்கவில்லையே, என் அணியைத்தானே மாற்றிக்கொள்கிறேன் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவனைத் தூக்கிவிட்டு வேறொருவனைப் போட்டாள். பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அடிப்பாவி! அந்த ஆப்பில் ஒருத்தர் அணியை மாற்றினால் மற்ற பதின்மூன்று பேர் போனிலும் உடனே மணி அடிக்கும். மூன்று சீசனாக அந்த மணியைக் கேட்டவளுக்கு அது தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் பாயிண்ட் கண்ணை மறைத்துவிட்டது.

தம்பி பார்த்தான். மைதானத்துக்குப் பக்கத்தில் ஸ்கேன் எடுக்கிற இடம் அக்கா வேலை செய்கிற அந்த ஒன்றுதான். லீக் ஆட்களின் குரூப்பில் எழுதினான்: "ஸ்கேன் அக்கா ஏழாம் நம்பரைத் தூக்கிட்டாங்க. ஏன்னு கேக்காதீங்க. நீங்களும் தூக்கிடுங்க." கூடவே கண்ணடிக்கிற பொம்மை வேறு. கால் மணி நேரத்தில் அத்தனை பேரும் தூக்கினார்கள். அதில் ஒரு புண்ணியவான் போய் ரசிகர்கள் பக்கத்தில் போட்டார்: "ஏழாம் நம்பருக்கு முழங்கால் போச்சு. ஸ்கேன்ல தெரிஞ்சிடுச்சாம்."

நாலு மணிக்கு சென்டரில் போன் அடித்தது. ரிசப்ஷன் பெண் டீ குடிக்கப் போயிருந்தாள். ஸ்கேன் அக்காதான் எடுத்தாள்.

"அம்மா, காலையில பையனைக் கூட்டிட்டு வந்தேனே, ஏழாம் நம்பர் பையன். அவனுக்குக் கால் போச்சுன்னு போன்ல போட்டிருக்காங்க. ஆளாளுக்குக் கூப்பிட்டு துக்கம் விசாரிக்கிறாங்க. அவன் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கான். நிஜமாம்மா?"

"டாக்டர்தாம்மா சொல்லணும். எனக்குத் தெரியாது."

பதினாறு வருடமாகச் சொன்ன அதே பதில். அன்றைக்குச் சொல்லும்போது நாக்கு கூசியது. ஒரு பிள்ளை தன் முழங்கால் போனதைத் தன் டாக்டரிடம் கேட்பதற்கு முன்னால் ஊரே கேட்டுவிட்டதே, இது எந்த ஊர் நியாயம்?

வேலை முடிந்ததும் நேரே தம்பி கடைக்குப் போனாள்.

"யாரைக் கேட்டுடா எழுதின?"

"நான் என்னக்கா எழுதினேன்? நீ தூக்கினதைச் சொன்னேன். பொய்யா?"

"ஒரு பையனோட பொழப்புடா அது!"

"அவன் பொழப்பைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசலையே. உன்னாலதான் எல்லாருக்கும் பாயிண்ட் தப்பிச்சுதுன்னு குரூப்ல நன்றி சொல்லிட்டிருக்காங்க. நீயே பாரு."

நன்றியாம் நன்றி! வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "நான் விலகிக்கறேன். நாம செஞ்சது அநியாயம்" என்று குரூப்பில் எழுதினாள். அடுத்த நிமிடமே கொழுந்தன் எழுதினான்: "அண்ணி, போறதுதான் போறீங்க. நீல டீம் கோல்கீப்பர் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே நடக்கறாரு. அங்க வந்தாரான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

தூ! இதுகளுக்கெல்லாம் மண்டைக்குள்ளே என்னதான் இருக்கிறதோ!

கடை வாசலில் நின்றபடியே ஆப்பை விட்டு வெளியேறப் பார்த்தாள். அது லேசில் விடுமா? ஏன் போகிறீர்கள், நேரமில்லையா, சலித்துவிட்டதா, பாயிண்ட் முறை பிடிக்கவில்லையா என்று நோண்டியது. வெட்கமாக இருக்கிறது என்று சொல்ல அதில் ஒரு கட்டம் இல்லை. கைக்கு வந்ததைத் தட்டிவிட்டு வெளியே வந்தாள்.

"முதலிடத்தை விட்டுட்டுப் போறியேக்கா" என்றான் தம்பி.

"நீயே எடுத்துத் தலையில வச்சுக் கூத்தாடு."

"என்னை மட்டும் திட்டு. முதல்ல தூக்கினது யாரு?"

அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் காலை ஏழாம் நம்பர் ஊன்றுகோலோடு ஸ்கேன் படத்தை வாங்க வந்தான். அவன் அம்மா ரிசப்ஷன் பெண்ணைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்: "நீதானே சொன்ன? உன்னை விட்டா யாரு?" அந்தப் பெண் அழுதுவிடுவாள் போலிருந்தது. ஸ்கேன் அக்கா வெளியே வந்தாள்.

"அவ இல்லம்மா. நான்தான்."

லீக், கேப்டன், மத்தியானம், மணி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்த அம்மா கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. கேட்டதில் ஒன்றுகூடத் தப்பில்லை. பையன்தான் கையை நீட்டி அம்மாவை நிறுத்தினான்.

"நான் உங்க டீம்லயா இருந்தேன்?"

"மூணு சீசனா கேப்டன்."

"ஆட்டம் சனிக்கிழமைதானேக்கா. ஆறு மணி வரைக்குமாவது பொறுத்திருக்கலாமே."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவன் படத்தை வாங்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினான்.

"ஆபரேஷன் முடிஞ்சதும் இன்னொரு ஸ்கேன் எடுக்கணுமாம். வேற யாராச்சும் இருப்பாங்களா?"

"ஏதாவது ஒரு வியாழக்கிழமை வாங்க. வாராவாரம் அன்னிக்கு எனக்கு லீவு."

அவன் போனை எடுத்து வியாழக்கிழமை என்று குறித்துக்கொண்டான்.