மூக்கு அடைத்திருந்த காலை

ஒரகடம் சாலையில் தகரக் கூரை போட்ட டிபன் கடை நடத்திய அக்கா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. நெஞ்சுவலி. அவரைப் பற்றிப் பேசினால் எல்லாருக்கும் வாய் ஊறுகிறது. பொங்கல், வடகறி, கூடவே கிடைத்த திட்டு. எனக்கு மட்டும் உள்ளங்கை வேர்க்கிறது.

அக்கா எதையும் ருசி பார்க்க மாட்டார். நாலு பேர் சாப்பிடப் போவதை எச்சில் பண்ணக் கூடாது என்பார். அண்டாவின் மேல் குனிந்து ஒரு இழுப்பு. உப்பு கம்மி, புளி தூக்கல், பருப்பு இன்னும் வேகணும், எல்லாம் அந்த மூக்குக்குத் தெரியும். ஷிப்ட்டுக்கு ஓடுகிறவர்களும் ஷிப்ட் முடிந்து தூக்கத்தோடு வருகிறவர்களும் அந்த மூக்கை நம்பித்தான் கை நனைத்தார்கள். பிள்ளைப்பாக்கத்து நிலம் கம்பெனிகளுக்காகக் கைவிட்டுப் போனபின் அவருக்கு மிச்சமிருந்தது கடை ஒன்றுதான்.

ஊரெல்லாம் காய்ச்சலில் படுத்தபோது அக்காவும் படுத்தார். எழுந்தார். மூக்கு எழவில்லை.

கண்டுபிடித்தது நான். ஒரு நாள் சட்னி ஊசிப்போயிருந்தது. மெதுவாகச் சொன்னேன். முகம் வெளுத்து, என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனார்.

"தம்பி, எனக்கு ஒரு வாசனையும் வரல. கற்பூரத்த மோந்தாலும் ஒண்ணும் இல்ல. வெளிய தெரிஞ்சா எவன் வருவான்? நீதான் மொத ஆளா வர்ற. தெனம் ஒரு தபா மோந்து சொல்லிட்டுப் போ."

பக்கத்துக் கம்பெனி ஸ்டோரில் எனக்கு வேலை. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி முதல் ஷேர் ஆட்டோ பிடித்தால் விடியும்போது கடையில் இருப்பேன். சரி என்றேன். தினமும் குனிந்தேன், இழுத்தேன், சொன்னேன். சொன்ன பிறகு பயம். தேங்காய் சரியாகத்தானே இருந்தது? கம்பெனியில் ஒரு லைன் ஆட்கள் முழுக்க மெஷின் பக்கத்திலேயே வாந்தி எடுத்துச் சுருண்டு கிடப்பதாக மத்தியானம் வரை மனசில் ஓடும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. மறுநாள் மறுபடி அதே பயம். ஆனாலும் அந்த அண்டா முன்னால் நிற்க எனக்கு மட்டும்தான் உரிமை என்ற பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

ஐப்பசி மழை. எனக்கு ஜலதோஷம். மூக்கு முழு அடைப்பு. சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவாரோ என்கிற சின்னப்புத்தி.

"இன்னா தம்பி, சாம்பார் எப்படிக் கீது?"

குனிந்தேன். அண்டாவுக்குக் கீழே அடுப்பைக் காற்று அணைத்திருந்தது, பார்க்கவில்லை. தகரத்தில் அறைந்த மழையில் சீறல் கேட்கவில்லை. கேஸின் நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்: "சூப்பரா இருக்குக்கா."

தோசை அடுப்பைப் பற்றவைக்க அக்கா லைட்டரை எடுத்தார்.

வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்த கம்பெனி பஸ் டிரைவர் அலறினார். "அய்யோ, கேஸு! யக்கா, கொளுத்தாத!"

லைட்டரின் மேலிருந்த கட்டைவிரல் நின்றது. நான் அந்த விரலை மட்டும்தான் பார்த்தேன். மாவு காய்ந்த நகம். டிரைவர் ஓடி வந்து சிலிண்டரை மூடி, பின்பக்கத் தட்டியைத் தள்ளித் திறந்து, எங்களை மழைக்குள் இழுத்துவிட்டார்.

"ரெண்டு பேரும் மூக்க வூட்லயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். "அடைச்சிருக்கா?"

தலையாட்டினேன்.

"சொல்றதுக்கு இன்னாடா?" அதுவரை அவர் என்னை டா போட்டதில்லை. பிறகு குரல் இறங்கியது. "உன்ன வுட்டா நான் மட்டும் யார்கிட்ட சொன்னேன்."

கேஸ் கலைந்த நேரத்தில் பஸ்கள் வந்து நின்றன. ஆட்கள் இறங்கினார்கள். அக்கா முந்தானையைப் பிழிந்துகொண்டு வாசலை மறித்து நின்றார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று புரிந்துவிட்டது. கடை இன்றோடு போச்சு.

"எல்லாரும் கேளுங்க. எனக்கு மூக்கு செத்து ஒரு வருசம் ஆவுது. வாசனை தெரியாமதான் உங்களுக்குப் போட்டுக்கினு இருந்தேன். இஷ்டம் கீறவன் உள்ள வா. வர்றவன் மோந்து பாத்து, சொல்லிட்டு ஒக்காரு."

ஒருவரும் அசையவில்லை. நனைந்த யூனிஃபார்ம்கள், தொங்கும் ஐடி கார்டுகள், மழை. நான் தரையையே பார்த்தேன். கடைசியில் ஒரு நரைத்த வெல்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். அண்டாவின் மேல் குனிந்தார்.

"பெருங்காயம் தூக்கல், யக்கா."

"ஆங், வந்துட்டாரு. உம் பொண்டாட்டிகிட்ட சொல்லுவியா இத்த?"

யாரோ சிரித்தார்கள். வரிசை நகர்ந்தது. நான் கடைசியில் போய் நின்றேன். அக்கா எனக்கும் இலை போட்டார், சாம்பார் ஊற்றினார். மோந்து பார்க்கச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் சொல்லவில்லை.