நூலில் கட்டிய நாய் மூளை

1. இருந்தவர்கள், இல்லாதவர்

அன்று காலை எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் இரண்டு பேர்: லேப் டெக்னீஷியனாகிய நான், கம்பவுண்டர் ராகவலு. இல்லாதவர் டாக்டர். குடும்பக் கட்டுப்பாடு முகாமுக்காக பொதட்டூர்பேட்டை போயிருந்தார், மறுநாள்தான் வருவார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். டாக்டர் சொல்லித்தானே செய்தாய் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். சொன்னவர் யாருமில்லை. செய்தவன் நான்.

லேப் பயிற்சிக்கு இந்த வருடம் சேர்ந்திருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி அது. வெளியே தொழிற்பேட்டைக்கு நிலம் அளந்து கல் நட்டுக்கொண்டிருந்த நேரம். அதற்கு முன் இரண்டு வருடம் நான் பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூளைப் பிரிவில் இருந்தேன். இறந்தவர்களின் மூளையைப் பதப்படுத்தி, துண்டு போட்டு, ஸ்லைடு செய்து, மாணவர்கள் பார்த்துப் படிக்கப் பெட்டி பெட்டியாக அடுக்கும் இடம். தினமும் எங்கள் ஊர் திருப்பாச்சூரிலிருந்து சைக்கிளில் திருவள்ளூர் ஸ்டேஷன், அங்கிருந்து ரயில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். தெருவில் யாருக்குக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வாசிக்கக் கொண்டு வருவார்கள். அந்தப் பெருமை என்னிடம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்தப் பிரிவிலிருந்து மாதம் ஒரு சுற்றறிக்கை போகும். இங்கிலீஷில் ஆறு பக்கம். மூளை நோய் பற்றிய புதுச் செய்தி, புது ஸ்லைடுகளின் பட்டியல், சாம்பிள் அனுப்பும் முறை எல்லாம் அதில் இருக்கும். எனக்கு டைப் தெரியும் என்பதால் ஸ்டென்சில் என்ற மெழுகுத் தாளில் டைப் வெட்டுவது, அதைச் சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டிப் பிரதி எடுப்பது, பின் அடித்து ஸ்டாம்ப் ஒட்டுவது மூன்றும் என் தலையில். நான் மாற்றலாகி வந்த பிறகும் அது எனக்குத் தபாலில் வந்துகொண்டிருந்தது. வந்ததை ஃபைலில் கோத்து வைப்பேன்.

அன்று காலை நாலு பேர் உள்ளே வந்தார்கள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துத் தேசப்பன், அவர் மனைவி நாகம்மா, நாகம்மாவின் தம்பி எல்லப்பன், இறால் ஏற்ற வந்த வண்டிக்காரர் முனிரத்தினம். நாலு பேரையும் ஒரே நாய் கடித்திருந்தது.

"நாயி அடங்கல சார், அட்ச்சிப் போட்டோம். தலைய ஆஸ்பத்திரிக்கு எட்த்துக்கினு போங்கன்னு ஊர்ல சொன்னாங்க" என்றார் தேசப்பன்.

நாகம்மா கூடையை இறக்கினார். அடியில் உமி, அதன் மேல் நொறுக்கிய ஐஸ், நடுவில் தண்ணீர் புகாத எண்ணெய்த் துணியில் சுற்றிய நாய்த் தலை, மறுபடி ஐஸ், மறுபடி உமி. இறாலை வெளியூருக்கு அனுப்ப அவர்கள் போடும் அதே அடுக்கு.

"ஐஸு இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் தாங்கும் சார். அட்த்த ரயில்லயே பட்டணத்துக்கு அனுப்பிடுங்க."

நான் சிரித்தேன். "ஏம்மா, இது இன்னா இறாலா? மூளைய ஐஸ்ல வெச்சா கெட்டுப்பூடும். நான் ரெண்டு வருஷம் மூளையிலயே வேலை பார்த்தவன்."

"எங்க தொழில்ல ஐஸ்ல வெச்சாதான் கெடாது" என்றார் நாகம்மா.

ராகவலு தேசப்பனைப் பார்த்து, "சார்தான் சொல்றாரே நைனா, படிச்சவரு. சும்மா இருக்கச் சொல்லு" என்றார்.

கடிவாயை எல்லோரும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவும்படி சொன்னேன். அன்றைக்கு நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். பிறகு அவர்களிடம் ஒரு வாக்கும் கொடுத்தேன்: "டாக்டர் நாளைக்கு வந்து ஊசிய ஆரம்பிப்பார். சாயங்காலம் ரிசல்ட் தெரிஞ்சிடும். நாய்க்கு வெறி இல்லன்னா ஒண்ணு ரெண்டோட நிறுத்திடலாம். வெறின்னா பதினாலு."

2. நூல்

எங்கள் பழைய மூளைப் பிரிவின் சுவரில் பெரிய எழுத்தில் இருந்த விதி இது: மூளை வந்தால் உடனே ஃபார்மலின். அழுகாமல் கெட்டிப்படுத்தும் மருந்து அது. மூளை வாளியின் அடியில் படுத்தால் சப்பையாகிவிடும். அதனால் மூளையின் அடிப்பக்கத்து ரத்தக் குழாய்க்குக் கீழே ஒரு நூலைக் கோத்து, நூலின் இரு முனையையும் வாளியின் காதுகளில் கட்டி, தலைகீழாக மிதக்க விட வேண்டும். அந்த நூலைக் குழாய் அறுந்துவிடாமல் கோக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு ஒரு தடவையும் தவறியதில்லை.

ஆஸ்பத்திரியின் போஸ்ட்மார்ட்டம் ரம்பத்தால் நாயின் மண்டையைத் திறந்தேன். ஒரு தடவை ரம்பம் வழுக்கியது. இடது கட்டைவிரலில் கையுறை கிழிந்து சின்னக் கீறல். அயோடின் தடவினேன், மறந்துவிட்டேன். மூளையை அழகாக எடுத்து, நூல் கோத்து, ஒரு பெரிய ஜாடியில் ஃபார்மலினில் தொங்கவிட்டேன்.

"இன்னாபா இது, ஜிமிக்கி மாதிரி தொங்குது" என்றார் ராகவலு.

எனக்குப் பெருமையாக இருந்தது. உருகிய ஐஸையும் உமியையும் குழி தோண்டிக் கொட்டினேன். ஒரு நாள் ஊறட்டும் என்று மறுநாள் காலைதான் ஜாடியோடு ரயில் ஏறினேன்.

பட்டணத்தில் வெறிநோய்ப் பரிசோதனைக் கூடத்தின் சீனியர் டெக்னீஷியன் சகுந்தலா மேடம். ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"யாருப்பா இவ்ளோ அழகா நூல் கட்டினது?"

"நான்தான் மேடம்."

"நல்லாருக்கு. ஊறுகா போட்டு வெச்சுக்க." ஜாடியை மேஜையில் வைத்தார். "எங்களுக்குப் பச்சையா வேணும். அப்பதான் ஒளிர்ற சாயம் பிடிக்கும், இன்னைக்கே பார்த்துச் சொல்லுவேன். எலிக்குள்ள ஊசி போட்டுப் பார்க்கணும்னாலும் உயிரோட இருக்கிற கிருமி வேணும். நீ எல்லாத்தையும் சாகடிச்சுக் கொண்டுவந்திருக்க. மெழுகுல பதிச்சு வெட்டிப் பார்க்கலாம், அஞ்சாறு நாளாகும். அதுல ஒண்ணும் தெரியலேன்னாலும் வெறி இல்லன்னு சொல்ல முடியாது."

"சுவத்துல எழுதியிருந்துதே மேடம், உடனே ஃபார்மலின்னு."

"அது மனுஷங்க மூளைக்கு. படிக்கிறதுக்கு வெக்கிற மூளைக்கு." மேஜை இழுப்பறையிலிருந்து எங்கள் பழைய பிரிவின் சுற்றறிக்கை ஒன்றை எடுத்துப் போட்டார். "இதெல்லாம் உங்க ஆஸ்பத்திரிக்கு வர்றதில்லையா?"

நாலாம் பக்கம். வெறிநாய் என்று சந்தேகம் இருந்தால் தலையை ஐஸில் வைத்து உடனே அனுப்பவும், ஃபார்மலினில் போடக் கூடாது. 'கூடாது' என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தைக்குக் கீழே ஒரு கோடு. ஸ்டென்சிலில் கோடு போடுவது சிரமம், கொஞ்சம் அழுத்தினாலும் கிழிந்துவிடும். கிழியாமல் அந்தக் கோட்டைப் போட்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. எந்த வார்த்தைக்குக் கீழே போட்டேன் என்பது நினைவில்லை. பக்கத்தின் கீழ் மூலையில் டைப் செய்தவர் பெயரின் முதலெழுத்து இரண்டு இருந்தது. என் எழுத்துதான்.

மேடம் அதைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"கட்டைவிரல்ல என்ன?"

சொன்னேன்.

"அப்ப நீயும் ஊசிக்குப் படு" என்றார்.

3. வயிற்றைச் சுற்றி

அந்தக் காலத்து ஊசியைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆட்டு மூளையிலிருந்து செய்கிற மருந்து. தொப்புளைச் சுற்றி, தினம் ஒன்று, பதினாலு நாள். எங்கோ அபூர்வமாக ஒருவருக்கு அந்த மருந்தே நரம்பைத் தாக்கிக் கை கால் விழுந்துவிடும். அப்படி இறந்துபோன ஒருவரின் தண்டுவட ஸ்லைடு எங்கள் பெட்டியில் முப்பத்தொன்றாவது. அதற்குச் சாயம் ஏற்றியவனும் நானே. ஆகவே நாலு பேரும் ஊசியை நிறுத்தினாலும் பயம், தொடர்ந்தாலும் பயம்.

டாக்டரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கத்தவில்லை. "பதினாலும் போட்டாகணும். ஒருத்தர் நின்னாலும் நீதான் போய் அழைச்சுட்டு வரணும்" என்றார்.

அவர்களிடம் மறுநாள் காலை நேராகவே சொல்லிவிட்டேன். தப்பு என்னுது, ரிசல்ட் வராது, முழுசும் போட்டுக்கணும் என்று. முனிரத்தினம், "துட்டு டப்பு வேணும்னா கேட்டிருக்கலாமே நைனா, இப்டியா பேஜார் பண்ணுவ?" என்றார். தேசப்பன், "ரெண்டு வாரம் மீன் பாடு போச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நாகம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஐஸு மேல தப்பில்ல."

"இல்லக்கா."

"அத்த மொதல்ல சொல்லு."

அன்றிலிருந்து தினமும் முதல் ஊசி எனக்கு. சட்டையைத் தூக்கிப் படுப்பேன். எனக்குப் போட்ட பிறகுதான் அவர்களுக்கு. பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்பேன்: கால் மரத்துப் போச்சா, மூத்திரம் சரியா போவுதா, தலைவலி உண்டா. முப்பத்தொன்றாவது ஸ்லைடுக்காரரின் கேஸ் ஷீட்டில் இருந்த கேள்விகள் அவை.

"பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கேட்டுக்கினே கீறான்" என்று எல்லப்பன் கிண்டல் செய்வான்.

ஏழாம் நாள் தேசப்பனும் முனிரத்தினமும் வரவில்லை. டாக்டர் சொன்னபடியே நான் கிளம்பினேன். பஸ்ஸில் போய், படகில் ஏறி, குப்பத்தில் இறங்கினேன். தேசப்பன் வலை பிரித்துக்கொண்டிருந்தார். முனிரத்தினமும் இறாலுக்காகக் காத்து அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"போதும் சார். ஒரு வாரம் ஆச்சி, ஒண்ணும் ஆவல. வயிறு கல்லு மாதிரி வீங்கிக்கினு கீது" என்றார் தேசப்பன்.

"அண்ணே, ஒண்ணும் ஆவலன்னு இப்ப தெரியாது. தெரியறப்ப மருந்து இல்ல. நானும் அதே வயித்தோடதான் வந்திருக்கேன்." சட்டையைத் தூக்கிக் காட்டினேன். என் வயிற்றிலும் அதே வீக்கம். "நீங்க வரலன்னா நான் போறதா இல்ல."

காலையிலேயே ஊசி போட்டுக்கொண்டு திரும்பியிருந்த நாகம்மா உள்ளேயிருந்து, "எய்ந்திரிய்யா. அவன் தப்புக்கு அவனே படுத்துக்கினு கீறான், உனக்கு இன்னா?" என்றார். இரண்டு பேரும் எழுந்தார்கள். அன்றைய ஊசி அன்றே விழுந்தது.

ஒன்பதாம் நாள் நாகம்மா, "கால் மரத்துக்கினு கீது தம்பி" என்றார். டாக்டரைக் கூவி அழைத்தேன். டாக்டர் ஓடி வந்து சுத்தியலால் முட்டியில் தட்டினார், பாதத்தில் கீறினார், நடக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது.

"படகுல எப்டி உக்காந்து வந்தீங்க?" என்றார்.

"எங்க வூட்டுக்காரரு கால் வெக்கிற எடத்துல சாமான் வெச்சிட்டாரு, கால மடிச்சி இவ்ளோ நேரம்."

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

4. ஒரு பக்கத் தாள்

அந்தப் பதினாலு நாளில் நாலாம் பக்கத்தைத் தமிழில் எழுதினேன். எழுதியதை நாகம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அந்தத் தாள் அவரைப் போன்றவர்களுக்குத்தான் போகப் போகிறது.

"குளிரூட்டப்பட்ட கலத்தில் பாதுகாப்பாக வைத்து..."

"இன்னாபா அது? இறால் வெக்கிற மாதிரி வெய்யின்னு எய்து."

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். கடைசியில் தாளில் நின்றவை ஐந்தே வரி. கடிவாயைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவு. தலையை வெறுங்கையால் தொடாதே, ரம்பம் வைக்காதே. தண்ணீர் புகாத துணியில் சுற்றி, இறால் வைக்கிற மாதிரி ஐஸில் வை. எந்த மருந்திலும் போடாதே. அடுத்த வண்டியிலேயே அனுப்பு.

டாக்டர் கையெழுத்துப் போட்டுப் பட்டணத்துக்கு அனுப்பினார். அடுத்த மாதச் சுற்றறிக்கையில் ஏழாவது பக்கமாக அது வந்தது, ஆறு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் தமிழ். அதை நான் ஃபைலில் கோக்கவில்லை. அந்தத் தமிழ்ப் பக்கத்தில் நிறையப் பிரதி வாங்கி, சைக்கிளில் எடுத்துக்கொண்டு போய்க் குப்பங்களிலும் பஞ்சாயத்து ஆபீசுகளிலும் பசை தடவி ஒட்டினேன், ஒவ்வொரு இடத்திலும் நின்று வாய்விட்டுப் படித்துவிட்டு வந்தேன். டைப் அடித்ததனால் ஒன்றைப் படித்ததாக ஆகிவிடாது. உங்கள் கையால் போகிற காகிதத்தை முதலில் உங்களுக்காகப் படியுங்கள்.

மெழுகில் வெட்டிப் பார்த்ததில் ஒன்றும் தென்படவில்லை. அந்த நாய்க்கு வெறி இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாருக்கும் வெறி வரவில்லை, கை கால் விழவில்லை, ஒருவரும் நடுவில் நிற்கவில்லை. கம்பவுண்டர் ராகவலுவின் ஊசி நோட்டில் கடைசி நாளன்று நானே கூட்டிப் போட்டேன். நாலு பேர் என்று ஆரம்பித்த கணக்கு, ஐந்து பேராக முடிந்தது. ஆளுக்குப் பதினாலு. மொத்தம் எழுபது ஊசி.