வெள்ளம் வடிந்தபின் வந்த காய்ச்சல்

அப்பா முன்கதவைத் தோளால் முட்டித் திறந்ததும், அழுகிய தேங்காயும் சாணமும் டீசலும் ஒன்றாய்க் கலந்த ஒரு வாடை எங்கள் முகத்தில் வந்து அறைந்தது. அணையைத் திறந்துவிட்டதில் எருத்தேன்பதிப் பக்கம் ஆற்றோரம் இருந்த எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்திருந்தது. பள்ளிக்கூட முகாமிலிருந்து நாங்கள் திரும்பிய காலை அது. எனக்குப் பத்து வயதிருக்கும்.

லைன்மேன் வந்து பார்க்கும்வரை மெயின் ஸ்விட்ச்சைத் தொடக்கூடாது என்று அம்மா சொன்னதை அப்பா கேட்டுக்கொண்டார். அவள் என்னை வாசற்படிக்கு இப்பாலேயே நிறுத்தியதையும் ஏற்றுக்கொண்டார். கால் விஷயத்தில்தான் யார் பேச்சும் எடுபடவில்லை. முகாமில் கொடுத்த ரப்பர் பூட்ஸ் அம்மாவுக்குச் சேர்ந்தது, அவருக்குச் சேரவில்லை; செருப்பும் சேற்றில் புதைந்து அறுந்துபோகவே, அதை வீசிவிட்டு, வெடித்த குதிகாலோடு மண்வெட்டியைப் பிடித்தார்.

வீடு வீடாய்ப் பிளீச்சிங் பவுடர் கொடுத்துக்கொண்டு வந்த சுகாதாரப் பணியாளர் அக்கா பதறிப்போனார்.

"வெடிச்ச காலோட எறங்காதீங்ணா. எலி மூத்திரம் கலந்த தண்ணிங்க, 'எலிப்பனி'ங்கற எலிக்காய்ச்சல் வந்துரும். சோறு தின்னுட்டு ரெண்டு பேரும் இந்த மாத்திரையப் போட்டுக்கங்க."

"ஆவட்டுங்க அம்மிணி" என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் அப்பா.

அம்மா தன் பங்கை விழுங்கிவிட்டு, "ஏனுங்க, நீங்களும் முழுங்கிப்போட்டு வேலையப் பாருங்களேன்" என்றாள்.

"சேத்துலயே வளந்த ஒடம்புக்கு மாத்திரை எதுக்கு? நீ தண்ணிய ஊத்து."

சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவி, கிணற்றுக்கும் மருந்து போட்டு, வீடு மறுபடி வீடாகிக்கொண்டிருந்த ஒரு மதியம், கெண்டைக்கால் கடுக்கிறது என்று அப்பா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். மண் வாரின அலுப்பு என்றார். நெற்றி கொதித்தது; கண்கள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. அம்மா போய்க் கொடியில் தொங்கிய சட்டைப்பையைத் தடவினாள். மாத்திரை அப்படியே இருந்தது.

அப்பாவைப் பக்கத்திலிருந்த சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னைக் கோபாலபுரத்துப் பெரியம்மா வீட்டில் விட்டார்கள். போன் அடிக்கும்போதெல்லாம், அதை எடுக்கும் பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். "கிட்னி வரைக்கும் போயிருச்சாமா" என்று அவர் ஒருநாள் தாழ்ந்த குரலில் பெரியம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

பிழைத்தார். மஞ்சளோடிய கண்ணும் பாதி உடம்புமாய் வீடு திரும்பி வாசலில் நின்று, "நீ சொன்னதக் கேட்டிருக்கோணும்" என்றார் அம்மாவிடம். அதுவரை அழாதிருந்த அம்மா அப்போதுதான் அழுதாள்.

அந்த வீட்டைப் பிறகு இடித்துவிட்டோம். இப்போது இருப்பது மேட்டுத் தோட்டத்தில். இங்கே ஆற்றுச் சத்தம் கேட்பதில்லை. மழை வலுத்தால் அம்மா வெளியே போய், கேட்காத அந்தச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி நெடுநேரம் நிற்கிறாள்.