கல் என்று சொன்னவள்

என் மாமா, அம்மாவின் தம்பி, நாங்கள் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டில் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவர். ஐம்பது வயதாகியும் கல்யாணம் இல்லை. யாராவது பேச்செடுத்தால், ஒருத்தி ஏமாற்றியது போதும் என்பார். பதினோரு வருடமாக இந்தப் பல்லவியைக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அந்த ஒருத்தி யார் என்பதை அம்மாவிடமிருந்துதான் பிடுங்கினேன்.

எதிர் மேசையில் தலையணை உறை மடித்தவளாம். துருக்கி மொழிக்காரி. மேற்பார்வையாளர் இந்திக்காரர் என்பதால் சலவைக்கூடம் முழுக்க அரைகுறை இந்திதான் ஓடும். 'கல்' என்ற ஒரு சொல் மாமாவை முதல் வாரமே பாடாய்ப் படுத்தியிருக்கிறது. நமக்கு அது கருங்கல், இல்லாவிட்டால் பாடம் படி என்று அர்த்தம். இந்தியில் நேற்றும் கல்தான், நாளையும் கல்தான். விடியலைக் குறித்த பழைய சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்ததாம். வந்ததுதான் வந்தது, எந்தப் பக்கத்து விடியல் என்று சொல்லிவிட்டு வந்திருக்கக் கூடாதா?

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து மாமா கிளம்பியபோது அவள் கதவருகே வந்து கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது. "கல்" என்றாள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. மனசில் இருப்பதை நாளைக்குச் சொல்லப்போகிறாள் என்று நினைத்து, தானும் "கல், கல்" என்று தலையாட்டிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடிவிட்டார்.

மறுநாள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனால் எதிர் மேசை காலி. விடிகாலையிலேயே அவளுடைய அண்ணன் வந்து ஊருக்குக் கூட்டிப்போய்விட்டான் என்றார்கள். விலாசம் யாரிடமும் இல்லை. நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாளே என்று மாமா அன்றைக்கு ஆரம்பித்த கோபம் இன்னும் ஆறவில்லை.

போன வாரம் நானும் அவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தோம். வேலைக்குக் கிளம்பிய ஒரு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு சின்னப் பெண் ஒருத்தி 'கல், கல்' என்று அழுதாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? குழந்தை நாளைக்கு என்ன கேட்கிறாள் என்று அம்மாக்காரியை விசாரித்தேன். அவள் சிரித்துக்கொண்டே, அது எங்கள் துருக்கி மொழி, போகாதே, இங்கேயே இரு என்கிறாள் என்றாள்.

எங்கள் பேருந்து வந்தது. மாமா ஏறவில்லை. கேட்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேருந்து போன பிறகுதான் சொன்னார்.

"அவ என்னை விட்டுட்டுப் போகலைம்மா. இருன்னு கையைப் புடிச்சிருக்கா. நான்தான் உதறிட்டுப் போயிருக்கேன்."