கேட்டுக்காரர் போட்ட இரட்டைக் கொக்கி

நரி ஒன்றும் கம்பியைக் கடித்துக்கொண்டு உள்ளே வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் இன்றுவரை அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் கதையைக் கட்டிவிட்டவளே நான்தான்.

என் அக்கா வீட்டுக்காரர் வெல்டர். முப்பத்தைந்து வருஷமாக ஊருக்கெல்லாம் கேட்டும் கிரில்லும் அடித்துக் கொடுத்தவர். எல்லோருக்கும் அவர் கேட்டுக்காரர், எனக்கு மட்டும் அத்தான். "பேருதான் கேட்டுக்காரர், யார் பேச்சையும் கேக்கமாட்டார்" என்பாள் அக்கா. அவர் காதில் விழாத மாதிரி இருப்பார். அதற்கும் திட்டு வாங்குவார்.

கோழி வளர்க்க ஆசைப்பட்டது அக்கா. வீட்டுக்குப் பின்னால் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் புதர்க்காடு. முதல் மாதமே நான்கு குஞ்சுகளை நரி தூக்கிப்போனது. அக்கா ஒரு வாய் சாப்பிடாமல் அழுதாள். அத்தான் அன்றைக்கே கொல்லையை ஒட்டியிருந்த பட்டறையைப் பூட்டிவிட்டுக் கூடு கட்ட உட்கார்ந்தார். கடையில் கிடைக்கும் லேசான கோழிவலையைப் பார்த்துச் சிரித்தார். "இது கோழி வெளிய போகாம இருக்கத்தான் ஆகும், நரி உள்ள வராம இருக்க ஆகாது" என்றார். தடித்த கம்பியில் சின்னச் சின்னக் கட்டமாகப் பற்றவைத்த வலையைச் சுற்றிலும் அடித்தார். கீரி தலையைக்கூட நுழைக்க முடியாது. நரி கூட்டின் ஓரமாகத்தான் தோண்டுமாம். அதனால் வலையை ஒரு அடி ஆழம் இறக்கி, மண்ணுக்குள்ளேயே வெளிப்பக்கமாக மடக்கிப் புதைத்தார். பருந்துக்காக மேலேயும் வலை. கதவுக்கு ஒரு கொக்கி போதாது, மரநாய் அதை நெம்பித் திறந்துவிடும் என்று இரண்டு கொக்கி. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பேங்குக்குக்கூட இப்படி யாரும் பூட்டு போடமாட்டாங்க அத்தான்" என்றேன். "பேங்க்ல இருக்கிறது திரும்பி வரும்" என்றார்.

ஆறு வருஷம். ஒரு இறகு போகவில்லை. சாயங்காலம் கோழிகள் அடைந்ததும் அத்தான் கொல்லைக்குப் போவார். அவர் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் அக்கா சமையலறையிலிருந்தே "ஆச்சா?" என்பாள். "ஆச்சு" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அக்கா ஒருநாள்கூட எழுந்துபோய்ப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இருந்ததே இல்லை.

போன வருஷம்தான் ஆரம்பித்தது. ஹெல்மெட்டை ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், அவரும் சிரித்தார். பிறகு ஒரு வீட்டு கேட்டுக்குக் கீலைத் தப்பான பக்கத்தில் பற்றவைத்துவிட்டு வந்தார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அக்கா அவரை பிரஷர் பார்க்க வேண்டும் என்று ஏமாற்றி டாக்டரிடம் கூட்டிப்போனாள், நானும் போனேன். டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் சொன்னார். மறதி நோய். இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. நிற்காது.

அத்தானுடைய அண்ணனுக்கும் இதே நோய்தான். கட்டின பெண்டாட்டியைப் பார்த்து "யாரும்மா நீ?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்த மனிதர் போய்ச் சேர்ந்தார். அத்தான் அன்றைக்குக் குலைந்து போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவருக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்ச அன்னைக்கே இவர் பாதி செத்துடுவார்" என்றாள். நானும் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்வதற்கு என்ன, வாய்தானே!

ஒருநாள் காலை ஆறு மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. "சத்தம் போடாம வாடி" என்றாள். நாலு வீடு தள்ளித்தான் என் வீடு, ஓடினேன். கூட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. இரண்டு கொக்கியும் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே ஒன்பது கோழி கழுத்து கடிபட்டுக் கிடந்தன. பொல்லாத நரி, தின்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், கொன்று போட்டுவிட்டு ஒன்றைத்தான் தூக்கிப்போயிருந்தது. மற்ற கோழிகளை அதிகாரம் பண்ணிக்கொண்டு திரிந்ததால் நாங்கள் இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்திருந்த பெட்டை, அவள் கூட்டு வாசலிலேயே கிடந்தாள். பட்டறைக் கூரைக் கம்பியில் ஏறி மொட்டைவால் கோழி மட்டும் உயிரோடு உட்கார்ந்திருந்தது.

"ஆச்சுன்னு சொன்னாரேடி" என்றாள் அக்கா. அதையே நான்கு தடவை சொன்னாள்.

மாத்திரை போட்டிருந்ததால் அவர் ஏழு மணிக்குத்தான் எழுவார். எனக்கு மூளை வேலை செய்தது, பாழாய்ப்போன மூளை. "கதவைச் சாத்து. பக்கத்துல வலையை வெட்டுவோம். நரி கடிச்சதுன்னு சொல்லிக்கலாம்" என்றேன். பட்டறைச் சுவரில் அவருடைய கருவி ஒவ்வொன்றுக்கும் ஆணி உண்டு. கட்டிங் பிளேயரை எடுத்து வந்தேன். நான் வலையைப் பிடித்துக்கொண்டேன், அக்கா வெட்டினாள். எட்டுக் கம்பி. கடைசிக் கம்பியில் அவள் உள்ளங்கை கன்றிப்போனது. ஒரு வெல்டருக்குக் கம்பியில் காது குத்தப் பார்த்த இரண்டு அறிவாளிகள் நாங்கள்தான்.

அத்தான் வந்தார். பார்த்தார். இன்ஸ்பெக்டரைத் தூக்கி இறகைத் தடவி, கலைந்திருந்ததை ஒழுங்கு பண்ணிக் கீழே வைத்தார். பிறகு ஓட்டைக்கு முன்னால் குந்தி, வெட்டுப்பட்ட கம்பி முனைகள்மேல் கட்டை விரலை ஓட்டினார். ஒவ்வொரு முனையாக. 

"பெரிய நரிதான்" என்றார். எழுந்து மண்வெட்டியைத் தேடிப் போனார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. மத்தியானம் என் ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகும்போது பட்டறையிலிருந்து கூப்பிட்டார். மேஜையில் ஒரு துண்டுக் கம்பி இருந்தது.

"பல்லால கடிச்ச கம்பி இப்படியா இருக்கும்?"

"எனக்கென்ன அத்தான் தெரியும், நான் பேப்பர் காப்பி எடுக்கிறவ."

"பிளேயரைத் தலைகீழா மாட்டியிருக்கே."

நான் சுவர் ஆணியைத் திரும்பிப் பார்த்தேன். 

"கதவைத் திறந்து போட்டது நான்தானே?" என்றார்.  "நேத்து அடைச்ச மாதிரிதான் எனக்கு இருக்கு. கொக்கி விழுற சத்தம்கூடக் காதுல இருக்கு. அது எந்த நாள் சத்தமோ." கம்பியை எடுத்து உருட்டினார். "அண்ணனுக்கு வந்ததுதானா?"

நான் அழுதுவிட்டேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. எனக்கு உட்கார ஸ்டூலை நகர்த்திப் போட்டார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"நான் கண்டுபிடிச்சது உங்க அக்காவுக்குத் தெரிய வேண்டாம். பாவம், அந்தக் கையை வச்சுக்கிட்டு எட்டுக் கம்பி வெட்டியிருக்கா" என்றார். அதற்கும் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆக, ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் பொய் சொல்கிறவள் நான். இந்தப் பிழைப்புக்கு நரியாகப் பிறந்திருக்கலாம்.

சாயங்காலத்துக்குள் ஓட்டையைப் பற்றவைத்து முடித்தார். தழும்பே தெரியாத வேலை. அக்காவுக்கு மோர் கொடுத்துவிட்டு நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மொட்டைவாலைக் கூட்டில் விட்டுவிட்டுத் திரும்பும் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா எதுவும் நடக்காத மாதிரி, குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஆச்சா?"

 அத்தான் சமையலறை வாசலில் வந்து நின்றார். "இருட்டில சரியாத் தெரியல. நீ ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடும்மா" என்றார்.

வெளியே இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். இரண்டு கொக்கியும் போட்டுத்தான் இருந்திருக்கின்றன. திரும்பி வந்து, அவர் தோளில் அந்தக் கன்றிப்போன கையை வைத்து, "ஆச்சு" என்றாள்.